பழைய மடக்குக்கத்தியைப் படிக்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும், அதற்கு வடக்கே டோங்காட், ஸ்டேங்கர் வரையிலும் உள்ள நம் குடும்பங்களில் பெரியவர் ஒருவர் மறைந்தபின் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தால், காகிதங்களுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் அடியில் துணியில் சுற்றிய மடக்குக்கத்தி ஒன்று கிடைப்பது உண்டு. பாக்கு நறுக்கவும், கயிறு அறுக்கவும், மாங்காய் சீவவும், பில்டோங் என்னும் உப்பிட்டு உலர்த்திய இறைச்சியை மெல்லிசாக வெட்டவும் அந்தத் தலைமுறையில் பலருக்கு அது ஒன்றே கருவியாக இருந்தது. கிடைத்தவர்கள் பெரும்பாலும் அதைச் சமையலறை இழுப்பறையில் போட்டுவிடுகிறார்கள், அல்லது பளபளப்பாக்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் முன்னால் அந்தக் கத்தியை உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். எங்கே செய்தது, ஏறத்தாழ எந்தக் காலத்தது, எவ்வளவு உழைத்தது என்பனவற்றுக்கான விடை பெரும்பாலும் கத்தியிலேயே இருக்கிறது.

முதல் விதி, எதையும் துடைக்காமல் இருப்பது. என் தாத்தாவின் கத்தி எனக்கு வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அலகு முழுவதும் கறுத்திருந்ததைக் கண்டு, அது அழுக்கு என்றே நினைத்து, சாணை பிடிப்பவர் ஒருவரிடம் கொடுத்து வெள்ளிபோல ஆக்கித் தரச் சொன்னேன். அவரும் நான் சொன்னபடியே செய்து கொடுத்தார். இப்போது அந்த அலகின் அடியில் ஒரு நட்சத்திரத்தின் இரண்டு முனைகளும், அதன் பக்கத்தில் ஒரு சிலுவையின் பாதியும், தேய்ந்த மூன்று எழுத்துகளும் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. அந்தக் கருமையும் அழுக்கன்று என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். பாக்கிலும் பழத்தோலிலும் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கறுப்பாகும். நாற்பது ஆண்டுகள் பாக்கு நறுக்கிய கத்தியின் மேல் படிந்திருந்த அந்த நிறத்தை அரை மணி நேரத்தில் நான் அழித்துவிட்டேன். அதை யாராலும் திரும்ப வைக்க முடியாது.

உறுப்புகளின் பெயர்களை முதலில் வரையறுத்துக்கொள்வோம். வெட்டும் பகுதி அலகு. அதைத் திறக்க நகம் செருகும் பள்ளம் நகக்குழி. அலகின் கூர் முடிந்து, அது சுழலும் ஆணியை நோக்கிப் போகும் தட்டையான பகுதியை அலகின் அடி என்று சொல்லலாம், முத்திரை அங்கேதான் இருக்கும். கத்தியின் முதுகில் நீளவாக்கில் ஓடும் எஃகுப் பட்டை வில். அலகைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் பிடித்து நிறுத்துவது அதன் அழுத்தமே. கைப்பிடியின் நுனியில் உள்ள உலோகக் கவசம் பூண். அதை ஒட்டி இருபுறமும் கொம்போ எலும்போ மரமோ பதித்திருப்பார்கள். அவற்றுக்கு உட்புறம் மெல்லிய பித்தளைத் தகடுகள் இருக்கும். இவை எல்லாவற்றையும் சிறு ஆணிகள் ஊடுருவிப் பிடித்திருக்கும்.

கத்தியை மூடிய நிலையில், சன்னல் வெளிச்சத்தில், முதுகுப் பக்கம் மேலே இருக்கும்படி பிடித்துப் பாருங்கள். நல்ல கைவேலைப்பாடு உள்ள கத்தியில் வில்லும் பித்தளைத் தகடும் ஒன்றோடொன்று இழைந்து, நடுவே வெளிச்சம் புகாமல் இருக்கும். பிறகு மெதுவாகத் திறந்து, வில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் அது முதுகோடு சமமாகப் படிந்திருந்தால் அதைச் செய்தவர் தொழில் தெரிந்தவர், பாதி திறந்த நிலையிலும் சமமாக இருந்தால் அவர் மிகச் சிறந்தவர். மூடும்போது விரலை அலகின் பாதையில் வைக்காமல், கடைசி அரை அங்குலத்தை வில்லின் போக்கிலேயே விடுங்கள். சுருக்கென்று ஒரே ஒலியாக விழுந்தால் வில்லில் உயிர் இருக்கிறது. சோம்பலாகப் போய் அமர்ந்தால், உள்ளே பல ஆண்டுத் தூசி அடைத்திருக்கலாம் அல்லது வில் தளர்ந்திருக்கலாம். தூசி என்றால் சரிசெய்யலாம், தளர்ச்சி என்றால் அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். எனக்கு இந்த ஒலியைக் கேட்பதைவிட ஒரு கத்தியைப் பற்றி விரைவாகச் சொல்லும் சோதனை வேறில்லை.

இனி முத்திரைக்கு வருவோம். இங்கே அவசரப்படக் கூடாது. உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொண்டு, வெளிச்சம் பக்கவாட்டில் சாய்வாக விழும்படி வைத்துப் பார்த்தால், நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்துகளும் நிழலில் எழுந்து வரும். தென்னாப்பிரிக்காவில் கிடைக்கும் பழைய கத்திகளில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தவையும் ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்தவையும் மிகுதி. ஷெஃபீல்டில் இந்நாட்டவர் மிகவும் நம்பிய பெயர் ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ். அவர்களுடைய குறி ஒரு நட்சத்திரமும் மால்டா சிலுவையும். ஷெஃபீல்டின் கத்திக் கொல்லர் கழகம் 1682-இல் வழங்கிய குறி அது. 1822-இல் அரச குடும்பத்துக்குக் கத்தி செய்பவர்கள் என்ற பட்டத்தைப் பெற்ற பிறகு, கிரீடத்தையும் ஆளும் அரசரின் பெயரெழுத்துகளையும் சேர்த்துப் பொறித்தார்கள். ஆங்கிலத்தில் அந்தப் பெயரை எழுதும்போது நடுவில் 'டி' என்ற எழுத்து உண்டு என்பதை மறக்க வேண்டாம். அந்த எழுத்தில்லாத, ஒலியில் மட்டும் ஒத்த பெயர்கள் பொறித்த மலிவுக் கத்திகள் அந்தக் காலத்திலேயே வந்துவிட்டன.

அரசரின் எழுத்துகள் காலத்தைக் கணிக்க உதவும், ஆனால் ஒரு பக்கமாகவே உதவும். கிரீடத்தின் இருபுறமும் 'வி', 'ஆர்' என்றிருந்தால் அது விக்டோரியா. அவருடைய ஆட்சி 1837 முதல் 1901 வரை. 'இ', 'ஆர்' என்றால் 1901 முதல் 1910 வரை ஆண்ட ஏழாம் எட்வர்டாக இருக்கலாம், 1952-இல் அரியணை ஏறிய எலிசபெத்தாகவும் இருக்கலாம். 'ஜி', 'ஆர்' என்றால் ஜார்ஜ் என்ற பெயருள்ளவர் பலர். எனவே இந்த எழுத்துகளைக் கண்டதும் அந்த அரசர் பட்டத்துக்கு வருவதற்கு முன் இந்த முத்திரை பொறிக்கப்பட்டிருக்க முடியாது என்ற அளவோடு நின்று, மீதியை மற்ற அடையாளங்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நாட்டின் பெயர் இன்னொரு நல்ல சான்று. சோலிங்கனில் செய்த மலிவுக் கத்திகளில் ஷெஃபீல்டின் பெயரைப் பொறித்து விற்பதாக எழுந்த நீண்ட முறையீட்டின் பயனாக, 1887-இல் பிரிட்டன் வணிகக் குறிச் சட்டம் ஒன்றை இயற்றியது. பிரிட்டிஷ் சரக்கு என்று மயங்க இடமுள்ள அயல்நாட்டுப் பொருள்கள் தாம் பிறந்த நாட்டைச் சொல்ல வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டமும் இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயரைக் கேட்டது. ஆகவே ஷெஃபீல்டு என்ற பெயருக்குக் கீழே இங்கிலாந்து என்றும் இருந்தால், கத்தி ஏறத்தாழ 1890-க்குப் பிந்தியது என்று கொள்ளலாம். நாட்டின் பெயர் இல்லாததாலேயே அது அதற்கு முந்தியது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. விற்பவர்கள் சிலர் அப்படித்தான் சொல்வார்கள். சோலிங்கன் என்ற பெயரும் 1938-இல் ஜெர்மனியில் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. துருவேறா எஃகைக் குறிக்கும் 'ஸ்டெயின்லெஸ்' என்ற சொல் அலகில் இருந்தால், ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி அந்த எஃகை உருக்கிய 1913-க்கு முன்னால் அந்தக் கத்தியைக் கொண்டுபோக முடியாது, விற்பவர் எவ்வளவு சத்தியம் செய்தாலும்.

ஆண்டைத் துல்லியமாகச் சொல்லும் கத்தி வகை ஒன்று உண்டு. அது வெள்ளி அலகு உள்ள சிறிய பழக்கத்தி. பழத்தின் புளிப்பு இரும்பைக் கறுக்கச் செய்யும் என்பதால் அந்தக் காலத்துச் செல்வர்கள் பழத்துக்கென்று வெள்ளி அலகு வைத்துக்கொண்டார்கள். வெள்ளி என்பதால், அதன் தரத்தைச் சோதித்து முத்திரையிடும் சோதனைச் சாலையின் முத்திரை வரிசை அதில் இருக்கும்: நடக்கும் சிங்கம் தரத்தைச் சொல்லும், கிரீடம் இருந்தால் ஷெஃபீல்டிலும் நங்கூரம் இருந்தால் பர்மிங்காமிலும் சோதித்தது, தனியாக நிற்கும் ஓர் எழுத்து ஆண்டைச் சொல்லும். அரசரின் தலையும் சேர்ந்திருந்தால் அது வரி கட்டியதற்கான அடையாளம், அந்த வழக்கம் 1890-இல் நின்றுவிட்டது. முத்துச்சிப்பிக் கைப்பிடியோடு இப்படி ஒன்று உங்கள் பாட்டியின் நகைப்பெட்டியில் இருந்தால், அந்த எழுத்தை அட்டவணையில் பார்த்து ஆண்டைத் தெரிந்துகொண்டுவிடலாம்.

இந்த நாட்டுக்கே உரிய முத்திரை ஒன்றும் உண்டு. 1910-இல் அமைந்த தென்னாப்பிரிக்க ஒன்றியத்தின் படைப் பொருள்களில், ஆங்கில 'யு' எழுத்தின் உள்ளே ஓர் அம்புத்தலை பொறித்திருக்கும். தடித்த அலகு, தகர டப்பா திறக்கும் கருவி, முடிச்சவிழ்க்கும் கூர்முள், மாட்டிக்கொள்ள ஒரு வளையம் ஆகியவற்றோடு அந்தக் குறியும் இருந்தால் அது சிப்பாயின் கத்தி. இரண்டாம் உலகப் போரில் இந்திய, மலாய்ப் படைப்பிரிவில் சேர்ந்த நம்மவர்களும் உண்டு என்பதால், இத்தகைய கத்தியைக் கண்டால் வீட்டில் யார் அந்தப் படைக்குப் போனார் என்று முதியவர்களிடம் விசாரித்துப் பாருங்கள்.

அலகைப் பற்றிச் சொல்ல வேண்டியது, அதன் வடிவமும் தேய்மானமும். ஆட்டுப் பண்ணைகள் மிகுந்த இந்நாட்டில் ஆட்டுக்குளம்பு வடிவ அலகு பெரிதும் விரும்பப்பட்டது: கூர்ப்பக்கம் ஒரே நேர்க்கோடாக ஓடும், முதுகு மெல்லச் சரிந்து வந்து அதைத் தொடும். கூர் நேராக இருப்பதால் சாணைக்கல்லில் தீட்டுவது எளிது, பலகையில் வைத்து வெட்டினால் முழு நீளமும் படியும். இந்த நேர்க்கோடே நமக்கு அளவுகோலும் ஆகிறது. கூர் வளைந்து உட்குழிந்திருந்தாலும், அலகின் அடியை ஒட்டி ஒரு படி விழுந்திருந்தாலும், பல ஆண்டுகள் தீட்டித் தீட்டி அந்த இடம் கரைந்திருக்கிறது. மூடிய நிலையில் அலகின் நுனி கைப்பிடியின் மறுமுனைக்கு எட்டாமல் வெகுவாகக் குறுகி நின்றால், முறிந்த நுனியை யாரோ திருத்தி அமைத்திருக்கிறார். விலைக்கு வாங்குபவர் இவற்றைக் குறையாகவே கணக்கிட வேண்டும். குடும்பக் கத்தியாக இருந்தால், என் கருத்தில், தேய்ந்த அலகே மேலானது. பாதியாகத் தேய்ந்த அலகை வைத்துக்கொண்டு அதே ஆணியைச் சுற்றி ஒருவர் நாற்பது ஆண்டுகள் வேலை செய்தார் என்பதை அது காட்டுகிறது.

கைப்பிடியின் பொருளைக் கண்டறிவதற்குக் கண்ணோடு விரலும் மூக்கும் வேண்டும். எலும்பு என்றால் அதன் மேல் ஊசியால் குத்தியதுபோல மிக நுண்ணிய கறுப்புப் புள்ளிகளோ கீற்றுகளோ தெரியும்; உயிரோடு இருந்தபோது குருதி ஓடிய நாளங்கள் அவை. யானைத் தந்தத்தில் அந்தப் புள்ளிகள் இல்லை. அதன் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய வளைகோடுகள் தெரியும். எருமைக்கொம்பு கறுப்பாக இருந்தாலும் ஓரத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தேன் நிறத்தில் ஒளி கசியும். முத்துச்சிப்பி உதட்டில் வைத்தால் குளிரும், அதைப் போலச் செய்த பிளாஸ்டிக் குளிராது. ஆமை ஓடு போலவும் முத்துச்சிப்பி போலவும் பழங்காலத்தில் செய்த செல்லுலாய்டு என்னும் தொடக்ககாலப் பிளாஸ்டிக்கைக் கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்துச் சூடேற்றி முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசனை வரும், ஏனெனில் கற்பூரம் சேர்த்தே அதைச் செய்தார்கள். சுட்ட ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனையை மட்டும் யார் சொன்னாலும் செய்ய வேண்டாம். செல்லுலாய்டு சட்டெனத் தீப்பற்றும்.

மான்கொம்புக் கைப்பிடியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அது நம்மவர்களின் பூர்வீக நிலத்தோடு தொடர்புள்ளது. பழுப்பும் கறுப்புமாக, மரப்பட்டைபோல வரிவரியாக எழுந்த மேற்பரப்புள்ள அந்தக் கொம்பு, ஷெஃபீல்டுக்குப் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே போயிற்று. கடமான் என்றும் தென் மாவட்டங்களில் மிளா என்றும் நாம் அழைக்கும் மானின் கொம்பு அது. உள்ளே பஞ்சுபோல் இல்லாமல் கெட்டியாக இருப்பதால் கத்திக் கொல்லர்கள் அதையே தேடினார்கள். மான் தானாக உதிர்க்கும் கொம்புதான் என்றாலும் இந்தியா இப்போது அதன் ஏற்றுமதியைத் தடை செய்துவிட்டது. எனவே இந்தியக் காட்டில் உதிர்ந்து, ஷெஃபீல்டில் கைப்பிடியாகி, நேட்டால் கரும்புத் தோட்டத்தில் ஒரு தமிழரின் சட்டைப்பைக்கு வந்து சேர்ந்த கத்தியைக் கையில் பிடிக்கும்போது, அந்தக் கைப்பிடியின் மேடு எங்கே மழமழவென்று தேய்ந்திருக்கிறது என்று தடவிப் பாருங்கள். பிடித்தவரின் கட்டைவிரல் நின்ற இடம் அதுவே. தேய்வு எந்தப் பக்கம் என்பதைக்கொண்டு அவர் இடக்கைக்காரரா வலக்கைக்காரரா என்று கூடச் சில சமயம் சொல்லிவிடலாம்.

ஒகாபியை விட்டுவிட்டு இந்நாட்டில் மடக்குக்கத்தியைப் பற்றிப் பேச முடியாது. ஆப்பிரிக்காவில் இருந்த ஜெர்மானியக் குடியேற்றங்களில் விற்பதற்காக 1902-இல் ஜெர்மனியில் தொடங்கிய இந்தக் கத்தி, 1988 முதல் நம் குவாசுலு-நேட்டாலிலேயே, இசிதேபேயில், தயாராகிறது. வளைந்த மரக் கைப்பிடி, அதில் பதித்த பிறையும் நட்சத்திரங்களும், திறக்கும்போது பல்சக்கரம்போலக் கடகடவென்று எழும் ஓசை ஆகியவற்றைக் கொண்டு கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் சொல்லலாம். சண்டைச் செய்திகளில் அடிபட்டு அதன் பெயர் கெட்டுப்போனதால், பல வீடுகளில் அதைச் சேகரிக்கத் தக்க பொருளாகவே எண்ணுவதில்லை. உழைப்பாளிகள் வாங்கக்கூடிய விலையில் நூறு ஆண்டுகளுக்கு மேல் விற்ற கத்தி அது; முத்திரையில் ஜெர்மனியின் பெயரோ சோலிங்கனின் பெயரோ உள்ள பழைய ஒகாபி கிடைத்தால் தயங்காமல் எடுத்து வையுங்கள்.

போலியைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: இந்தக் கத்தியின் எல்லா உறுப்புகளும் ஒரே வயதுடையவையா? அலகு தேய்ந்து நகக்குழி வரை வந்திருக்க, கைப்பிடியின் கொம்பு கூர்மையான வரிகளோடு புதிதாக இருந்தால் அது மாற்றிப் பதித்தது. ஆணியின் தலை மட்டும் பளிச்சென்றிருந்தால் கத்தியை யாரோ பிரித்திருக்கிறார். அலகில் வழுவழுப்பு மிகுந்து, முத்திரையின் விளிம்புகள் உருகியதுபோல் இருந்தால், நான் செய்த தவற்றை வேறொருவரும் செய்திருக்கிறார். புகழ்பெற்ற குறி இருப்பதும் பழமைக்குச் சான்றன்று. ராட்ஜர்ஸ் நிறுவனம் 1971-இல் தன் பழைய போட்டியாளரான வோஸ்டன்ஹோமை வாங்கியது, பிறகு அதுவே கைமாறியது, அந்தப் பெயரிலும் குறியிலும் கத்திகள் பிற்காலத்திலும் வந்துகொண்டிருக்கின்றன.

படித்து முடித்தபின் பராமரிப்பு. கடற்காற்றின் உப்பும் ஈரமும் சேர்ந்த டர்பனில் துரு ஓயாத எதிரி. அலகு அமரும் பள்ளத்தில் உள்ள பஞ்சையும் தூசியையும் ஈர்க்குச்சியின் முனையால் கிளறி எடுங்கள், இரும்பு ஊசியால் வேண்டாம். வீட்டில் கையருகே இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயையோ நல்லெண்ணெயையோ விடக் கூடாது. நாளடைவில் அவை பிசினாக இறுகி வில்லைப் பிடித்துக்கொள்ளும். தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெயில் ஒரு துளியை மூட்டில் விட்டு, பத்து முறை திறந்து மூடி, வெளியே வரும் கறுப்பு எண்ணெயைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். செந்நிறத் துரு இருந்தால் அந்த எண்ணெயை ஒரு நாள் ஊறவிட்டு, செப்புக் காசின் விளிம்பால் மெல்லச் சுரண்டலாம். செம்பு எஃகைவிட மென்மையானது என்பதால் அலகில் கீறல் விழாது. சாம்பல் நிறமும் கறுப்பும் இருக்கட்டும். தோல் உறைக்குள் வைத்தால் தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பருத்தித் துணியில் சுற்றி, மருந்துப் புட்டிகளோடு வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பை ஒன்றைச் சேர்த்து வையுங்கள். செல்லுலாய்டுக் கைப்பிடி உள்ளதை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் அடைக்காதீர்கள். சிதையும் செல்லுலாய்டு வெளியிடும் அமிலப் புகை பக்கத்துக் கத்திகளையும் அரித்துவிடும்.

சட்டத்தைப் பொறுத்தவரை இரண்டு வார்த்தை. 2013-ஆம் ஆண்டின் ஆபத்தான ஆயுதங்கள் சட்டம், கத்தியை எந்தச் சூழ்நிலையில் எந்த நோக்கத்தோடு வைத்திருக்கிறோம் என்பதைப் பார்க்கிறது; ஆகவே சந்தைக்கோ கண்காட்சிக்கோ கொண்டுபோகும்போது சட்டைப்பையில் வைக்காமல் பெட்டியில் பூட்டிக் கொண்டுபோவது நல்லது. தந்தமோ ஆமை ஓடோ பதித்த கத்தியை இந்தியாவுக்கோ வேறு நாட்டுக்கோ உரிய அனுமதிச் சீட்டில்லாமல் எடுத்துச் செல்லக் கூடாது, அது பாட்டனாரின் சொத்தாகவே இருந்தாலும்.

கடைசி வேலை எழுத்து வேலை. உள்ளங்கை அகலத் தாளொன்றில் முத்திரையின் எழுத்துகளை வரிக்கு வரி அப்படியே வரைந்து, கைப்பிடியின் பொருள், மூடிய நிலையில் நீளம், யாருடையது, எந்த ஊரில் இருந்தார், அவர் எதை வெட்டினார் என்பனவற்றை எழுதி, கத்தியோடு அதே துணியில் சுற்றி வையுங்கள். என் தாத்தாவின் கத்தியோடு உள்ள தாளில், நட்சத்திரத்தின் மிஞ்சிய இரண்டு முனைகளை வரைந்து, "டோங்காட், பாக்கு, மாங்காய், வைக்கோல் கயிறு, வலக்கைக்காரர்" என்று எழுதியிருக்கிறேன்.